அறுவடை விலையும் ஆண்டுச் சரக்கும்: தமிழ்க் குடும்பங்களின் பருவக் கொள்முதல் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விளைச்சல் காலத்தில் ஓராண்டுக்கு வேண்டிய நெல், புளி, மிளகாய், பருப்பு முதலியவற்றை மொத்தமாக வாங்கி வைப்பது தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இது இல்லத்தரசியின் சிக்கனப் பண்பாக நினைவுகூரப்படுகிறது. அவ்வழக்கால் கிடைத்த ஆதாயம் பெரும்பாலும் கைமுதலுக்கும் சேமிப்பிடத்துக்கும் கிடைத்த வருவாயே என்பதும், அவை இல்லாத குடிகள் அதே பருவ ஏற்றத்தாழ்வால் இழப்புற்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதம். கல்வெட்டுச் சான்று, குடியேற்ற ஆட்சிக்கால விலைமுறை, 20ஆம் நூற்றாண்டின் பங்கீட்டு முறை ஆகியவற்றின் வழி இவ்வாதம் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பருவ விலை, ஆண்டுச் சரக்கு, குதிர், பொலிசை, பங்கீடு, ஆடித் தள்ளுபடி

முன்னுரை

மாசி, பங்குனி மாதங்களில் ஊர்ப்புறத்து வீட்டு முற்றங்களில் ஓலைப்பாய் விரித்துப் புளி காயவைத்திருக்கும் காட்சியைக் கண்டவர்கள் இன்றும் பலர் உள்ளனர். கொட்டை நீக்கி, நார் களைந்து, உப்பிட்டுப் பானையில் அடைத்த புளி மறு மாசி வரை வரும். அதையடுத்து மிளகாய், மல்லி, துவரை என ஒவ்வொன்றாக முற்றத்திற்கு வந்து, காய்ந்து, உள்ளே போகும். ஓராண்டின் சமையற்கட்டு ஏறத்தாழ மூன்று மாதத்தில் நிரப்பப்பட்டுவிடும்.

இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரண்டு வகையில் எழுதுகின்றனர். ஒரு சாரார் இதனைப் பழந்தமிழர் அறிவின் அடையாளமாகப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார் குடும்பச் சிக்கனத்துக்கான யோசனையாக இன்றைய வாசகர்க்குப் பரிந்துரைக்கின்றனர். எப்போது எதை வாங்கினால் விலை குறையும் என்ற அறிவு ஊரில் யாருக்குமே குறைவாக இருந்ததில்லை என்பதை இருசாராரும் கருதிப் பார்ப்பதில்லை. களத்தில் நெல் தூற்றிய உழைப்பாளிக்குத் தை மாதத்து நெல் விலையும் ஐப்பசி மாதத்து நெல் விலையும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர் ஐப்பசியில் வாங்கினார். ஏன் அவ்வாறு வாங்க நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

களமும் நாட்காட்டியும்

தமிழகத்தின் விளைச்சல் நாட்காட்டி வடகிழக்குப் பருவமழையைச் சுற்றி அமைந்தது. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நெல் தை, மாசியில் களத்துக்கு வரும். ஆனியில் நட்ட குறுவை புரட்டாசி வாக்கில் அறுவடையாகும். கரிசல் நிலத்து மல்லியும் துவரையும் பெரும்பாலும் தை, மாசியிலும், இராமநாதபுரம் பகுதி மிளகாய் மாசி முதல் சித்திரை வரையிலும் சந்தைக்கு வரும். பனையில் பதநீர் இறங்கும் காலமாகிய பங்குனி முதல் ஆடி வரை கருப்பட்டி மலிவு. உப்பளங்கள் கோடையில் விளைந்து, ஐப்பசி மழை தொடங்கியதும் ஓய்ந்துவிடும். கடலோரத்தில் கருவாடும் அப்படியே. மழைக்கு முன் காய்ந்ததே மழைக்கால உணவு.

ஆகவே கோடையின் முதற்பாதி தமிழ்க் குடும்பத்தின் இயல்பான கொள்முதல் காலமாயிற்று. பொருள் மலிவு, வெயில் நிறைவு ஆகிய இரண்டும் ஒரே வேளையில் வாய்த்தன. ஈரம் போகக் காயாத எந்தப் பொருளும் ஆண்டு முழுவதும் நிற்காது என்பதால் வெயிலும் விலையைப் போலவே முக்கியமானது. வற்றல், வடகம், அப்பளம், ஊறுகாய் ஆகியவையும் இதே வெயிலின் பயன்கள். கத்தரியும் சுண்டையும் கொத்தவரையும் மலிந்த வாரத்தில் வற்றலாகி, காய்கறி கிட்டாத அடைமழை நாளில் குழம்பாயின.

மழைக்காலத்தில் வண்டித்தடங்கள் சேறாகிச் சந்தைகள் கூடாமற் போகும் என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது. மழைக்கு முன் விறகு உட்பட அனைத்தையும் சேர்த்து வைத்தது பணத்தை மிச்சப்படுத்த மட்டுமன்று. பணம் கொடுத்தாலும் கிடைக்காத நாள்களுக்காகவும்தான். ஆண்டுச் சரக்கு வழக்கை முழுவதும் ஆதாயக் கணக்காகவே படிப்பது அதனாற் பிழையாகும்.

விலையின் ஏற்ற இறக்கம் மக்களின் மனத்தில் எவ்வளவு பெரிய இடம் பெற்றிருந்தது என்பதற்குப் பஞ்சாங்கம் ஒரு சான்று. ஆண்டுப் பலனில் அரசன், மந்திரி, சேனாதிபதி முதலாக ஒன்பது நாயகர் கூறப்படுவர். அவர்களுள் தான்யாதிபதி, மேகாதிபதி ஆகியோரோடு அர்க்காதிபதி என்பவரும் ஒருவர். அர்க்கம் என்பது இங்கு விலையைக் குறிக்கும். அரசனுக்கும் மழைக்கும் இருப்பதுபோல் விலைக்கும் கிரகநாதன் ஒருவன் தேவைப்பட்டிருக்கிறான். சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்டவர்களுள் விற்பவரும் இருந்தனர், வாங்குபவரும் இருந்தனர்.

பழவரிசி, குறியெதிர்ப்பை, பொலிசை

சேமித்த தானியத்துக்குப் புதுத் தானியத்தினும் மதிப்பு மிகுதி என்பது பழைய செய்தி. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், திருவமுதுக்கான நிவந்தங்களிற் ‘பழவரிசி’ என்றே குறிக்கப்படுகிறது. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற வீதத்தில், நானாழிப் பழவரிசிக்குக் குறுணி இருநாழி நெல் என்று கணக்கிடப்படுகிறது. புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரியாக வேகும், சோறும் கூடுதலாகக் காணும். சமையலறிவு இது. ஆயினும் பழவரிசியை உண்ண, அறுத்த நெல்லை மாதக்கணக்கில் விற்காமலும் உண்ணாமலும் வைத்திருக்கும் வசதி வேண்டும். கோயிலுக்கு அது இருந்தது.

வசதி இல்லாதோர் என்ன செய்தனர் என்பதற்கு ஒரு பழஞ்சொல் துணைபுரிகிறது. ‘குறியெதிர்ப்பை’ என்ற சொல் திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் வருகிறது. அளவு குறித்து வாங்கி, அதே அளவு திருப்பிக் கொடுப்பது அதன் பொருள் என்பர் உரைகாரர். புறநானூற்று 163ஆம் பாடலிற் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்று வந்த பரிசிலைப் பகிரச் சொல்லும்போது, சுற்றத்தின் பசி தீர அவ்வாறு அளந்து உதவியோரையும் மனைவிக்கு நினைவூட்டுகிறார். ஒரு நாழி வாங்கினால் ஒரு நாழி திருப்புவது என்ற இவ்வழக்கில் வட்டி இல்லை. எனினும் பருவத்தை வைத்துப் பார்த்தால் கொடுத்தவர் இழக்கிறார். பஞ்ச காலத்து ஒரு நாழி, அறுவடைக் காலத்து ஒரு நாழியை விட அருமையானது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காதிருப்பதே இவ்வுறவின் அறம் என்று கொள்ளலாம். வள்ளுவர் இதனை ஈகை என ஏற்கவில்லை. ஆனாற் கடன் தொழிலாகவும் இது இல்லை.

அவ்வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தவர்களும் இருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் ‘பொலிசை’ என்று பெயர். தஞ்சைக் கல்வெட்டுகளிற் காசாகக் கொடுக்கப்பட்ட முதலுக்கு ஆண்டுதோறும் நெல்லாகப் பொலிசை அளக்குமாறு ஊர்ச்சபைகள் கட்டுப்பட்டன. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பது வரை விதிக்கப்பட்டது. காசைக் கொடுத்து நெல்லைப் பெறும் இவ்வேற்பாட்டில், கோயிலுக்கு வேண்டிய ஆண்டுச் சரக்கு விலையின் ஏற்ற இறக்கம் எதனாலும் பாதிக்கப்படாமல் வந்து சேர்ந்தது. நிவந்தம் பெற்ற கோயிலைத் தமிழகத்தின் மிகப் பெரிய ‘குடும்பக் கொள்முதல்காரர்’ என்று சொன்னால் மிகையாகாது.

ஓராண்டுச் சரக்கின் கணக்கு

ஆண்டுச் சரக்கால் வரும் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி வேண்டும் என்று கொள்வோம். அறுவடையில் மூட்டை 100 ரூபாய். ஆண்டின் சராசரி விலை 115 ரூபாய். ஒரே தடவையில் 12 மூட்டை வாங்கினால் 1,200 ரூபாய். மாதந்தோறும் வாங்கினால் 1,380 ரூபாய். மிச்சம் 180.

இந்த 1,200 ரூபாயைக் கடனாகப் பெற்று, மாதம் 100 ரூபாயாகத் திருப்பும் குடும்பத்தின் நிலை என்ன? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியானால் ஆண்டு முழுவதற்கும் 78 ரூபாய் வட்டி. மிச்சம் 102 ஆகக் குறையும். இரண்டு ரூபாய் வட்டியானால் வட்டி 156, மிச்சம் 24. அந்த 24 ரூபாயை ஓர் எலிக்குடும்பம் தின்று தீர்த்துவிடும். மூன்று ரூபாய் வட்டியானால் 234 ரூபாய் வட்டி; 54 ரூபாய் இழப்பு. ஊர்ப்புறத்தில் அடமானமின்றிக் கடன் பெறும் ஏழைக்கு மூன்று வட்டி அரிதான வீதமன்று.

இக்கணக்கு காட்டுவது இதுதான்: பருவமறிந்து வாங்கும் குடும்பம் தனக்குத் தானே தானிய வணிகனாகிறது. வணிகன் முதல் முடக்கி, கிடங்கில் வைத்து, விலை ஏறியபின் விற்றுப் பெறும் ஆதாயத்தைக் குடும்பம் தன் குதிரில் வைத்துத் தானே பெற்றுக்கொள்கிறது. மலிவாகக் கடன் கிடைப்பவர்க்கும் சொந்தப் பணம் இருப்பவர்க்கும் அது வருவாய். மற்றவர்க்கு அது வாய்ப்பே அன்று. இதனைச் சிக்கனம் என்று மட்டும் அழைப்பது வட்டியை நற்பண்பு என்று அழைப்பதற்கு ஒப்பாகும்.

இம்முதலோடு இடமும் வேண்டும். தஞ்சைப் பகுதி வீடுகளின் மரப்பத்தாயம், மண்ணாற் செய்த குதிர், வைக்கோற் புரியாற் சுற்றிக் கட்டிய சேர் என்பன சேமிப்புக் கலன்கள் மட்டுமல்ல. வீட்டின் பரப்பை விழுங்குபவை. ஒற்றை அறைக் குடிசையிற் பத்தாயம் நிற்காது. இடத்தோடு உழைப்பும் சேர்கிறது. செம்மண் பூசிக் காயவைத்த துவரை, வேப்பிலையும் நொச்சியிலையும் இட்ட தானியப்பானை, மாதம் ஒருமுறை எடுத்து வெயிலிற் போட்டுப் புடைத்து மீண்டும் அடைத்தல் என இவையெல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. மேற்கண்ட கணக்கில் அவ்வுழைப்புக்கு ஒரு காசும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் ஒரு வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பத்துக்கும் மிச்சம் நின்றிருக்குமா என்பது ஐயமே. பல வீடுகளிற் கூலிக்கு வந்த பெண்களே புளி குத்தினர், மிளகாய்க் காம்பு கிள்ளினர், உமி புடைத்தனர். அவர்கள் தங்கள் வீட்டுக்கான புளியை அன்றாடம் கடையில் உருண்டையாக வாங்கினர்.

விற்று வாங்கிய குடிகள்

பருவ விலையின் மறுபக்கம் விற்பவருடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியற் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பி நிலவுடைமை, கூலி, கடன் ஆகியவற்றைப் பற்றிச் செய்தி திரட்டச் செய்து, 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. இவ்வூர்கள் 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் மறு ஆய்வுக்குட்பட்டு, 1940இல் நூல் வெளியாயிற்று. சென்னை மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழுவின் அறிக்கை 1930இல் வந்தது. உழுகுடிகளின் கடனும் விற்பனையும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை அறிய இவை அடிப்படைச் சான்றுகள்.

நிலவரித் தவணையாகிய கிஸ்தி அறுவடையை ஒட்டிய மாதங்களில் விழுந்தது. குத்தகை களத்திலேயே அளக்கப்பட்டது. விதைக்கும் உணவுக்கும் முன்பே வாங்கிய கடனும் அப்போதே திருப்பப்பட்டது. எனவே சிறு உழவர் விலை மிகத் தாழ்ந்த வாரங்களிற் சந்தைக்கு வந்தார். ஆவணி, புரட்டாசியில் தாம் விற்ற அதே நெல்லை உயர்ந்த விலைக்கு வாங்கினார், அல்லது அளந்து கடன் பெற்றார். விளைவித்த குடும்பமே ஆண்டின் ஒரு பகுதியில் நுகர்வோராக நின்றது.

நெல்லாகக் கூலி பெற்ற பண்ணையாள் இவ்வேற்றத்தாழ்வுக்கு வெளியே நின்றதுபோல் தோன்றும். கூலி மரக்காலில் அளக்கப்பட்டால் விலை ஏறினாலும் இறங்கினாலும் வயிற்றுக்கு அதே அளவு கிடைக்கும் அல்லவா? நாட்கூலியைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மை. ஆனால் உப்பும் மிளகாயும் துணியும் நெல்லைக் கொடுத்தே வாங்கப்பட்டன. அறுவடையிற் கூடுதலாகக் கிடைத்த களத்து நெல்லே அதற்கான முதல். நெல் மிக மலிந்த வேளையிலேயே அவர் நெல்லைக் கொடுத்து மற்றதை வாங்கினார். தெருவில் வளையலும் பாத்திரமும் கொண்டு வந்த வணிகர் மாசியில் அடிக்கடி வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றும் முயற்சிகளும் உண்டு. அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வின் 1954ஆம் ஆண்டு அறிக்கை, கடனையும் சேமிப்புக் கிடங்கையும் இணைக்க வேண்டும் என வற்புறுத்தியது. 1958இற் சென்னை மாநிலத்திற் சேமிப்புக் கிடங்குக் கழகம் அமைந்தது. கிடங்கில் தானியத்தை வைத்து, அதன் இரசீதின் பேரிற் கடன் பெற்று, விலை ஏறியபின் விற்கலாம் என்பது அதன் அடிப்படை. குதிர் இல்லாதவர்க்குப் பொதுக் குதிர் என்பது நல்ல கருத்துதான். எனினும் கிடங்குக்குக் கொண்டு செல்லுமளவு நெல் மிஞ்சியவர்க்கே அது பயன்பட்டது.

ரூபாய்க்கு எத்தனை படி

குடியேற்ற ஆட்சிக்கால விலைப்பட்டியல்களைப் படிப்போர்க்கு முதலில் ஒரு தடுமாற்றம் நேரும். அரிசி, கேழ்வரகு, சோளம் ஆகியவற்றின் சில்லறை விலை ‘ஒரு ரூபாய்க்கு இத்தனை சேர்’ என்றே அவற்றிற் பதிவாயிற்று. எண் குறைந்தால் விலை ஏறியது என்று பொருள். இன்று ‘ஒரு கிலோ இத்தனை ரூபாய்’ என்கிறோம். அன்று ரூபாய் நின்றது, அளவு நகர்ந்தது.

இது வெறும் பதிவு முறையன்று எனக் கருதலாம். கையில் உள்ள காசு மாறாது. அதற்கு எவ்வளவு அரிசி வரும் என்பதே நாள்தோறும் வாங்குவோர் கேட்கும் கேள்வி. ஓராண்டுக்கு வாங்குபவர் ‘மூட்டை என்ன விலை’ என்று கேட்பார். அன்றாடம் வாங்குபவர் ‘இந்தக் காசுக்கு எத்தனை படி’ என்று கேட்பார். தசம நாணயம் 1957இல் வந்து, மெட்ரிக் அளவைகள் 1960களின் தொடக்கத்திற் சட்டப்படி நிலைபெற்ற பின்னரும், 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. வைத்த முழக்கம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதாகவே இருந்தது. கிலோவில் அதைச் சொல்லியிருக்கலாம். படியிற் சொன்னதனால் அது யாருக்குச் சொல்லப்பட்டதோ அவருக்கு விளங்கியது. ஆட்சிக்கு வந்தபின் அண்ணாதுரை அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் அதனைத் தொடங்கியது.

சேமிப்பும் பதுக்கலும்

படி அரிசிக்கு முன்பே விலையின் பருவத் தன்மையை அரசு தொட்டிருந்தது. பர்மாவிலிருந்து வந்த அரிசி 1942இல் நின்றுபோனதும், 1943இற் சென்னை நகரிற் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்தும் அது நீடித்து, 1952 ஜூனில் இராஜாஜி கட்டுப்பாடுகளை நீக்கும் வரை இருந்தது. பங்கீட்டு அட்டையில் தை மாதத்துக்கும் ஐப்பசி மாதத்துக்கும் ஒரே அளவு. விலையும் பருவத்தைப் பார்த்து மாறுவதில்லை. ஆண்டுச் சரக்கு வாங்கும் குடும்பத்துக்கு இதுவரை இருந்த ஆதாயம் அரிசியைப் பொறுத்தவரை மறைந்தது.

அத்துடன் ஒரு சொல் மாற்றமும் நேர்ந்தது. முன்பு குதிர் நிறைந்த வீடு மதிப்புக்குரியது. கட்டுப்பாட்டுக் காலத்தில் குறித்த அளவுக்கு மேல் தானியம் வைத்திருத்தல் குற்றமாகலாம். ‘சேமிப்பு’ என்று பாட்டி சொன்னதை அதிகாரி ‘பதுக்கல்’ என்றார். மூட்டை ஒன்றுதான். 1960களின் தட்டுப்பாட்டிலும், 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ், இதே இழுபறி தொடர்ந்தது. அதிகாரியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பற்றாக்குறையின்போது ஒவ்வொரு வசதியான வீடும் ஓராண்டுக்கு வாங்கினால் அடுத்த மாதத்து ஏழைக்குக் கடையில் ஒன்றும் மிஞ்சாது. மலிவுக் காலத்தில் தீங்கற்ற ஒரு பழக்கம் தட்டுப்பாட்டிற் பிறர் வயிற்றைத் தொடுகிறது.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று நிறுவப்பட்டு, தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. பொங்கலை ஒட்டிய நாள், சம்பா விளையும் ஊர். அதைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அறுவடையின்போது அறிவித்த விலைக்கு நெல்லை வாங்கி, ஆண்டு முழுவதும் மாதந்தோறும் நியாயவிலைக் கடை வழியாக அளந்து கொடுப்பது இவ்வமைப்புகளின் வேலை. பத்தாயம் வைத்திருந்த குடும்பத்தலைவி செய்த அதே வேலையை மாநில அளவிற் செய்கின்றனர். முதலின் வட்டி, கிடங்கு வாடகை, எலி தின்றது, ஈரம் வற்றியது ஆகிய செலவெல்லாம் மானியம் என்ற பெயரில் வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படுகின்றன. 1997இல் நடுவண் அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பயனாளிகளைப் பிரித்தபோதும் தமிழ்நாடு அனைவர்க்குமான முறையையே தொடர்ந்தது. 2007 முதல் துவரம்பருப்பும் உளுந்தும் பாமாயிலும் சிறப்புத் திட்டத்தில் சேர்ந்தன. அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. கொள்முதல் நிலையத்தின் வாசலில் மழையில் நனையும் நெல்லைக் குறித்த குறைகள் ஆண்டுதோறும் எழுகின்றன, அவை நியாயமானவையே. ஆனால் கடன் வாங்கி ஐப்பசியில் அரிசி வாங்கிய குடும்பத்துக்கு இம்முறை தந்தது எது என்பதை அக்குறைகள் மறைத்துவிடலாகாது.

மாதம் என்னும் புதிய பருவம்

மாதச் சம்பளம் நகரத்துக் குடும்பத்தின் நாட்காட்டியை மாற்றியது. 1904இற் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்நாட்டு நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்னோடி. அதன் தோற்றத்தில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாருக்குப் பங்குண்டு. எழுத்தர், ஆசிரியர், வழக்கறிஞர் ஆகியோர் கூடி மொத்தமாக வாங்கித் தமக்குள் பகிர்ந்துகொண்டால் இடைத்தரகு மிஞ்சும் என்பது அதன் எண்ணம். ஒவ்வொரு வீட்டிலும் பத்தாயம் வைக்கும் இடத்தில் தெருவுக்கு ஒரு பொதுப் பத்தாயம். சம்பள நாளை ஒட்டிய முதல் வாரத்தில் மளிகைப் பட்டியல் எழுதும் வழக்கம் இத்தகைய குடும்பங்களிற் பரவி, பின்னர் மாதச் சாமான் என்றே பெயர் பெற்றது. அறுவடை அங்கே செய்தித்தாளில் மட்டும் வந்தது.

இதற்கு நேர்மாறாக, வணிகர் பழைய நாட்காட்டியைக் கைவிடவில்லை. ஆடியில் விதைப்பு, உழவரின் பணம் நிலத்துக்குள் போய்விடும். திருமணம் முதலிய மங்கலச் செயல்கள் அம்மாதத்தில் நடைபெறா. துணிக்கடையில் ஈ ஆடும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவலாகிய ஆடித் தள்ளுபடி இவ்வெறுமையை நிரப்ப எழுந்தது. பழைய சரக்கைத் தீர்த்துத் தீபாவளிக்குப் புதுச் சரக்கு வைக்க இடமும் பணமும் கிடைக்கும் என்பதனால் வணிகர்க்கு அது இரட்டைப் பயன். வாங்குவோர்க்கும், தள்ளுபடி மெய்யானதாக இருக்கும் அளவுக்கு, பயன் உண்டு. ஆனால் இதுவும் கையிற் பணமுள்ளவரின் பருவமே. தைக்கும் மாசிக்கும் பின் ஆறு மாதம் பணத்தைக் காத்து வைத்தவர், அல்லது மாதச் சம்பளம் பெறுபவர், ஆடியில் வாங்கலாம். உழவர் வீட்டுத் துணி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எடுக்கப்பட்டது. தள்ளுபடி இல்லாத நாள்கள் அவை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் பண்டிகைக்காலத் தள்ளுபடியும் காந்தி பிறந்தநாளையொட்டிய கதர்த் தள்ளுபடியும் இவ்வகையில் மாறுபட்டவை. மக்கள் எப்போது வாங்குவார்களோ அப்போதே விலையைக் குறைத்தன.

பலகாரச் சீட்டு என்னும் தீபாவளிச் சீட்டு, மேலோட்டமாகப் பார்க்கையில், இக்கட்டுரையிற் கூறிய அனைத்துக்கும் முரணானது. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சிறு தொகை கட்டி, மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த விலை விற்கும் வாரத்தில் அவற்றைப் பெறுவது எந்தக் கணக்கிலும் ஆதாயமாகத் தோன்றாது. கட்டிய பணத்துக்கு வட்டியும் இல்லை. சீட்டு நடத்துபவர் ஊரை விட்டுப் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆயினும் பெண்கள் தொடர்ந்து கட்டுகின்றனர். வீட்டில் வைத்தால் நிற்காத பணம் சீட்டில் நிற்கும் என்பதே அவர்கள் கூறும் காரணம். கணவன் கேட்பதற்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கும், அண்டை வீட்டார் கைமாற்றுக் கேட்பதற்கும் எட்டாத இடம் அது. விலையின் பருவத்தைப் பிடிக்க முடியாதவர்கள் பணத்தின் பருவத்தையேனும் பிடித்துக்கொள்ளும் வழியாக இதனைக் காணலாம். நகைக்கடைகளின் சேமிப்புத் திட்டமும் இவ்வகையதே. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் பொருளுக்கான முன்பணத்தை 365 நாள்களுக்குள் ஈடுசெய்ய வேண்டும் என்றதன்பின் அத்திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத் தவணையாயின. சட்டமும் ஒரு பருவத்தை வகுத்துவிட்டது.

எஞ்சி நிற்கும் புளி

குதிரும் பத்தாயமும் இன்று பழம்பொருள் கடைகளில் விற்கப்படுகின்றன. அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் 12 மூட்டைக்கு இடமில்லை. அரிசிக்கு அதன் தேவையும் இல்லை. ஆனாற் புளியை மட்டும் இன்னும் பல குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையே வாங்குகின்றன. அது நியாயவிலைக் கடையில் நிலையாகக் கிடைக்கும் பண்டமன்று, கெடாது, பழையதானால் நிறம் கறுக்குமேயன்றிப் புளிப்புக் குறைவதில்லை. மாசியில் வாங்கினால் இன்றும் மிச்சம் உண்டு.

அம்மிச்சத்தின் மறுமுனையில் இருப்பவரையும் அதே மாசியிற் காணலாம். சாலையோரப் புளியமரங்கள் பல இடங்களில் ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடப்படுகின்றன. ஏலத்தொகையைக் காய் முற்றும் முன்பே கட்ட வேண்டும். கடன் வாங்கிக் கட்டியவர், உலுக்கிய புளியை ஆவணி வரை வைத்து விற்க முடியாது. வட்டி ஓடுகிறது. ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும் பெண்களுக்குக் கிலோக் கணக்கில் அன்றன்றே கூலி கொடுக்க வேண்டும். ஆகவே மாசி முடிவதற்குள், தெருவில் தராசோடு வந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.